அப்புச்சியின் ஊஞ்சல் பலகையும் ஏர் சேண்டரும்

உடுமலைப்பேட்டைப் பக்கம் அம்மாவின் ஊரில் பழைய வீட்டைப் பிரித்தபோது ஊஞ்சல் பலகை எங்கள் பங்குக்கு வந்தது. ஆறரை அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அங்குல கனம். இரண்டு தேக்குப் பலகைகளை நடுவில் காடி எடுத்து இணைத்திருக்கிறார்கள். நாலு மூலையிலும் சங்கிலி மாட்ட இரும்பு வளையம், சுற்றிலும் பித்தளைப் பூண். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மத்தியானம் சாப்பிட்டதும் இதில்தான் படுப்பார். அவர் தலை வைக்கிற பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மேல்புறம் பல தடவை பூசிய பாலிஷ், அடிப்புறம் பச்சை எனாமல் பெயிண்ட்.

ஆசாரியிடம் கொடுத்தால் இழைப்புளி போட்டுப் புதிதாக்கித் தந்துவிடுவார். ஆனால் கால் அங்குலமாவது மரம் போய்விடும். எனக்கு அந்த மரம் போகக் கூடாது. மேலே இருக்கும் அழுக்கும் பாலிஷும் மட்டும் போக வேண்டும். கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க 13 சதுர அடி. அதனால் ஏர் சேண்டர், அதாவது கம்ப்ரசர் காற்றில் ஓடி உப்புத்தாளால் தேய்க்கும் கருவி, வாங்கலாம் என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் கம்ப்ரசருக்குப் பஞ்சமில்லை, என் பட்டறையிலும் 2 எச்.பி. மோட்டாரும் 100 லிட்டர் டேங்கும் கொண்ட ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. சேண்டரை மாட்டினால் ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். சரியாக ஓட வைக்க மூன்று வாரக் கடைசிகள் போயின. அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வாங்கியது டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன், இரட்டை அசைவு) சேண்டர், தாள் ஒட்டும் வட்டமான பேட் ஆறு அங்குலம். உள்ளே மோட்டார் என்றால் காயில், கார்பன் எதுவும் கிடையாது. ஓர் உருளை, அதில் வெட்டிய பள்ளங்களில் நாலைந்து மெல்லிய தகடுகள். காற்று உள்ளே நுழைந்து தகடுகளைத் தள்ளும், உருளை சுழலும், சுழலும் வேகத்திலேயே தகடுகள் வெளியே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். சும்மா ஓடினால் நிமிடத்துக்கு 12,000 சுற்று. பேட் நடு அச்சில் இல்லாமல் கொஞ்சம் விலகி உட்கார்ந்திருப்பதால் சின்னச் சின்ன வட்டமாக அதிர்கிறது. கூடவே தன்னிச்சையாக மெதுவாகச் சுற்றவும் செய்கிறது. இரண்டு அசைவும் சேர்வதால் ஒரே தடத்தில் கோடு விழாது. வட்டத்தின் அளவில் இரண்டு வகை உண்டு. 5 எம்.எம். வட்டம் மரத்துக்கும் பட்டிக்கும் (பள்ளம் நிரப்பும் பசை), 2.5 எம்.எம். வட்டம் பெயிண்டுக்குக் கடைசி மெருகு ஏற்றவும் நல்லது. நான் 5 எம்.எம். எடுத்தேன். தூசி பிடிக்கப் பை உள்ள வகை, பேட்டில் ஆறு துளை.

முதல் நாள் கம்ப்ரசரை நிரப்பி, வீட்டிலிருந்த சுருள் ஹோஸை மாட்டி லீவரை அழுத்தினேன். கையில் இருக்கும்போது விர்ரென்று சுற்றியது. வேண்டாத ஒரு பலகையில் வைத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிடும் போல் ஆனது. டேங்க் மீட்டர் 110 பவுண்டு அழுத்தம் காட்டுகிறது. அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டரில் 90 வைத்திருக்கிறேன், அங்கேயும் முள் அசையாமல் நிற்கிறது. சேண்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டிக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன்.

எங்கள் தெரு முனையில் கார் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் சேண்டரைக் கையில் வாங்கவே இல்லை. ஹோஸை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதுல சேண்டர் எப்படிங்க ஓடும்? டேங்க் மீட்டரைப் பார்க்காதீங்க. சேண்டர் வாயில, லீவரை அழுத்திப் பிடிச்சிருக்கும்போது எத்தனை பவுண்டு நிக்குதுன்னு பாருங்க.”

‘T’ வடிவக் குழாய் இணைப்பான டீ ஒன்று, அதில் ஒரு சின்ன மீட்டர், இரண்டு பக்கமும் கால் அங்குல நிப்பிள். டெஃப்லான் டேப் சுற்றிச் சேண்டர் வாயில் மாட்டிக் கொடுத்தார். லீவரை விட்டிருக்கும்போது 90. அழுத்தினேன், முள் சரசரவென்று 40க்கு வந்து நின்றது. இந்தச் சேண்டருக்கு ஓடும்போது 90 பவுண்டு வேண்டும், பாதிகூடக் கிடைக்கவில்லை. காற்று ஓடாமல் நிற்கும்போது குழாய் முழுக்க ஒரே அழுத்தம்தான் இருக்கும், ஊசித் துளை வழியாக வந்தாலும் 90 காட்டும். ஓட ஆரம்பித்தால்தான் எங்கே அடைக்கிறது என்று தெரியும். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ஏர் டூல் எது வாங்கினாலும் முதலில் அந்த டீயையும் மீட்டரையும் வாங்கிவிடுங்கள். டூலை விட அதுதான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து.

சுருள் ஹோஸில் இருக்கும் சங்கதி இது. கடையில் ‘8 எம்.எம். பியூ ஹோஸ்’ என்று விற்பார்கள். அந்த 8 வெளி அளவு. உள்ளே காற்றுப் போகும் துளை 5 எம்.எம். தான். ரப்பர் ஹோஸில் ‘மூன்று நூல்’ என்றால் உள் அளவே மூன்று நூல், அதாவது ஏறக்குறைய 10 எம்.எம். பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே அளவு காற்றை ஒரே நீளத்துக்கு அனுப்பினால், வழியில் இழக்கும் அழுத்தம் உள் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். விட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு 32இல் ஒரு பங்கு. டயருக்குக் காற்று அடிக்கவும் தூசி ஊதவும் சுருள் ஹோஸ் போதும், சேண்டருக்கு ஆகவே ஆகாது.

மூன்று நூல் ரப்பர் ஹோஸ் 10 மீட்டர் வாங்கினேன். ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளர்களையும் பெரிய துளை உள்ளதாக மாற்றினேன். நடுவில் சின்னத் துளையோடு ஒரு கப்ளர் இருந்தால் இவ்வளவு செலவும் வீண். இன்னொன்றும் அண்ணன் சொன்னார்: கப்ளரை நேராகச் சேண்டரில் பூட்டாதே, அரை மீட்டர் மெல்லிய ஹோஸ் ஒன்றைச் சேண்டரில் நிரந்தரமாக வைத்து அதன் நுனியில் கப்ளரைப் போடு. அரை மீட்டர்தான் என்பதால் அழுத்தம் அதிகம் குறையாது, பித்தளைக் கப்ளரின் கனம் மணிக்கட்டை இழுக்காது. சேண்டரைத் திருப்பும்போது கப்ளர் பலகையில் இடிக்கவும் செய்யாது. இப்போது அழுத்தினால் 84. ரெகுலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி, லீவரை அழுத்தியபடியே வாயில் 90 வரும்படி வைத்தேன். ரெகுலேட்டரை எப்போதும் இப்படி ஓடும்போதுதான் வைக்க வேண்டும்.

சேண்டர் உறுமியது. ஒரு நிமிடம் அருமையாக ஓடியது, அப்புறம் மறுபடி முனகல். முதல் குறை தீர்ந்ததும் அதற்குப் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது குறை வெளியே வந்துவிட்டது.

இது கணக்கு. சேண்டர் தொடர்ந்து ஓடினால் 12 சி.எஃப்.எம். குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 340 லிட்டர் காற்று. சில பெட்டிகளில் ‘சராசரி 3 சி.எஃப்.எம்.’ என்று போட்டிருக்கும். அது நிமிடத்தில் கால்வாசி நேரம் மட்டும் அழுத்துகிற மாதிரிக் கணக்கு. நட்டுக் கழற்றும் துப்பாக்கிக்கு அது பொருந்தும். சேண்டரை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை, விடாமல் ஓட்டுவோம். என் 2 எச்.பி. கம்ப்ரசரின் தகட்டில் எட்டரை சி.எஃப்.எம். என்று அடித்திருக்கிறது. அது பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு. உண்மையில் வெளியே வருவது அதில் 70 சதவீதம், ஏறக்குறைய 6. அதாவது 170 லிட்டர். ஆக நிமிடத்துக்கு 170 லிட்டர் பற்றாக்குறை. டேங்க் 100 லிட்டர், 8 பாரில் (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பவுண்டு) நின்று 6 பாருக்கு இறங்கும் வரை கிடைக்கும் உபரிக் காற்று 200 லிட்டர். 200ஐ 170ஆல் வகுத்தால் 70 விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், அதையொட்டித்தான் வந்தது. மறுபடி நிரம்பவும் அதே அளவு நேரம். இடையில் மோட்டாருக்கு ஓய்வே இல்லை. அரை மணி நேரத்தில் கம்ப்ரசர் ஹெட்டின் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அப்படி அனல். இந்த மாதிரி பிஸ்டன் கம்ப்ரசரை நிற்காமல் ஓட்டினால் வால்வும் ரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

5 எச்.பி. வாங்குவது ஒரு பலகைக்காக அதிகம். நண்பர் ஒருவரிடம் அதே 2 எச்.பி. இருந்தது, இரவல் வாங்கி இரண்டையும் ஒரு டீயில் சேர்த்தேன். இரண்டுக்கும் காற்றைத் திரும்ப விடாத தனித்தனி நான்-ரிட்டர்ன் வால்வு, தனித்தனி சேஃப்டி வால்வு, இடையில் இரண்டு பால் வால்வு. எங்கள் வீட்டில் மூன்று பேஸ் லைன் என்பதால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பேஸில், தனித்தனி 16 ஆம்பியர் பிளக்கில் போட எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்தேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கம்ப்ரசரை ஓட்டக் கூடாது. வோல்டேஜ் இறங்கி மோட்டார் கிளம்பத் திணறும், வைண்டிங் சூடாகும். தூரம் வேண்டுமென்றால் கரண்ட் வயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரோரம் காற்று லைன் இழுக்கலாம் என்று பேசியபோது வேலைக்கு வந்தவர் தண்ணீர்க் குழாய் போடும் பிவிசி பைப்பே போதும், மலிவு என்றார். பைப்பில் அடித்திருக்கும் அழுத்த எண்ணும் போதுமானதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்த எண் தண்ணீருக்கானது. தண்ணீர் நசுங்காது, குழாய் வெடித்தால் பீய்ச்சி அடித்து அடங்கிவிடும். நசுக்கிய காற்று வில்லை மடக்கி வைத்த மாதிரி. பிவிசி கிழியாது, கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகப் பறக்கும். வெயிலும் எண்ணெய் ஆவியும் பட்டுப் பட்டு வருடம் போகப் போக இன்னும் நொறுங்கும் தன்மை வரும். ஜி.ஐ. பைப் போடுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல நல்ல ரப்பர் ஹோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கம்ப்ரசர் வாங்கினால் டேங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடியில் வெல்டிங் ஒட்டுப் போட்ட டேங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள், புஸ் என்று காற்று வந்து, விட்டதும் அடைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். நான் வேலை செய்தது ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்த நாட்கள். பத்து நிமிடம் ஓட்டியதும் சேண்டரின் எக்ஸாஸ்டிலிருந்து பொடிப் பொடியாகத் துளிகள் தெறித்து, தேய்த்து வெளுத்த தேக்கில் துருநிறப் புள்ளிகள் விழுந்தன. முப்பது டிகிரிச் சூட்டில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக நசுக்கி ஆறவிட்டால் 4 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும், மீதி 20 கிராம் தண்ணீராகிவிடும். என் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. அப்படியென்றால் மணிக்கு 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர். அது டேங்கின் அடியில் துருவோடு கலந்து கிடக்கிறது. டிரெயின் வால்வைத் திறந்தபோது காபி டிகாஷன் நிறத்தில் வந்தது.

நீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசரை ஒட்டியே வைத்திருந்தேன், அது தப்பு. அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறித் துளியாகிறது. ஃபில்டரை ஆறு மீட்டர் தள்ளி, வேலை செய்யும் இடத்துப் பக்கச் சுவரில் மாற்றிவைத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரிந்தது, பலகையில் புள்ளி விழுவது நின்றது. இப்போது ஒவ்வொரு மணிக்கும் ஃபில்டர் கிண்ணத்தையும், வேலை முடிந்ததும் டேங்கையும் வடிக்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு இரண்டு தேவை மோதியது. சேண்டரின் தகடுகளுக்கு எண்ணெய் வேண்டும், மரத்துக்கு எண்ணெய் ஆகாது. லைனிலேயே எண்ணெய் சொட்டும் லூப்ரிகேட்டர் வைத்தால் ஹோஸ் முழுக்க எண்ணெய் படியும். அதே ஹோஸில் பிறகு ஸ்ப்ரே கன் மாட்டினால் பாலிஷில் மீன் கண் மாதிரி ஓட்டை ஓட்டையாக விழும். அதனால் லூப்ரிகேட்டர் வேண்டாம் என்று விட்டேன். வேலை தொடங்கும் முன் சேண்டர் வாயில் நாலு சொட்டு நியூமேட்டிக் ஆயில், முடித்ததும் நாலு சொட்டு. மாட்டியவுடன் வேண்டாத பலகையில் அரை நிமிடம் ஓட்டி, மிஞ்சிய எண்ணெயைக் கக்கவிட்டு, எக்ஸாஸ்டைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஊஞ்சலுக்குக் கொண்டுவருவேன். வண்டி என்ஜின் ஆயில் விடக் கூடாது. அது கெட்டி, தகடுகள் பள்ளத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், வெளியே விரியாது.

இத்தனைக்கும் பிறகு மரத்துக்கு வருகிறேன்.

மேல்புறத்தில் 80 நம்பர் தாளைப் (நம்பர் ஏற ஏறத் தாளின் மணல் பொடியாகும்) போட்டு ஓட்டினேன், பத்து விநாடியில் தாள் முழுக்கப் பழுப்பு முத்துகள் ஒட்டிக்கொண்டு வழுக்கியது. துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒரு மூலையில் ஒற்றி எடுத்தால் பிசுபிசுவென்று இளகியது. அரக்கு பாலிஷ். தேய்க்கும் சூட்டில் அரக்கு உருகித் தாளை அடைத்துவிடும், சேண்டரால் அதை எடுப்பது தாளுக்குத்தான் கேடு. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து, இரும்புத் தகட்டால் சுரண்டி, ஒரு பகல் முழுக்க அந்த வேலையே நடந்தது. இதைக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் செய்யவில்லை. ஸ்பிரிட் ஆவியும் மோட்டார் சுவிட்சின் பொறியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மரத்தடியில் வைத்துச் செய்து, மறுநாள் வரை காயவிட்டேன்.

அடிப்புறப் பச்சை எனாமலைச் சேண்டரால் தொடவே இல்லை. அம்மாவின் சின்ன வயதில் அடித்த பெயிண்ட். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016இல்தான் விதி வந்தது, 2017 நவம்பரிலிருந்து நடைமுறை. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். உலர்ந்த பெயிண்டைச் சேண்டரால் தேய்த்தால் அந்த ஈயம் மூச்சில் போகிற தூசியாகி வீடு முழுக்கப் படியும். தரையில் தவழும் குழந்தைக்குத்தான் அது அதிகக் கெடுதல். வெளியில் வைத்து, கையுறை போட்டு, பெயிண்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினேன். அடியில் திட்டுத் திட்டாகக் கொஞ்சம் பச்சை இன்னும் இருக்கிறது. அதன் மேல் வார்னிஷ் அடித்து மூடிவிட்டேன், யார் கண்ணிலும் படாது.

சேண்டர் ஓட்டும் முன் ஒரு காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். எங்கோ ஓர் ஆணித் தலை மரத்துக்குள் புதைந்திருந்தால் தாளைக் கிழிக்கும், பொறியும் வரும். இரண்டு இடத்தில் காந்தம் பிடித்தது, தோண்டி எடுத்தேன். பித்தளையைக் காந்தம் காட்டாது என்பதால் பூண் ஆணிகளைக் கண்ணால் பார்த்துக் கழற்றினேன்.

பலகை முழுக்கப் பென்சிலால் பாம்பு மாதிரி நெளி நெளியாகக் கோடு போட்டேன். கோடு அழியும் வரை ஒரு நம்பர் தாள். மறுபடி கோடு, அடுத்த நம்பர். 80, 120, 180. இதில் எதையும் தாண்டக் கூடாது. 80 போட்ட கீறலை 180 எடுக்காது, கீறலின் முகடை மட்டும் வழவழப்பாக்கும், எண்ணெய் பூசியதும் அடியில் உள்ள கீறல் எல்லாம் தெரியும். தாள் மாற்றும்போது பழைய நம்பரின் மணல் ஒன்று பலகையில் தங்கினாலும் போச்சு, சுருள் சுருளாகக் கீறல் விழும். அதனால் ஒவ்வொரு நம்பருக்கும் பிறகு பலகையை வாக்குவம் கிளீனரால் இழுத்து, ஈரத்துணியால் துடைத்தேன்.

கையை ஓட்டும் வேகத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. விநாடிக்கு ஓர் அங்குலம், ஓர் அடி நகர 12 விநாடி. நாம் நினைப்பதை விட ரொம்ப மெதுவு. ஒவ்வொரு தடமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இந்தக் கணக்கில் என் பலகையை ஒரு தடவை ஓட்டி முடிக்க 11 நிமிடம். அழுத்தவே கூடாது, சேண்டரின் கனமும் மேலே சும்மா கிடக்கும் கையின் கனமும் போதும். பேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தேன். ஓட்டும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றிவருவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்துகிறேன் என்று பொருள். இதைவிட எளிதான ஆசிரியர் கிடையாது.

லீவரை அழுத்தும் முன் பேட் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தரத்தில் முழு வேகத்தில் சுற்றவிட்டு இறக்கினால் முதல் தொடுதலிலேயே அரை வட்டமாக வெட்டிவிடும். எடுக்கும்போதும் சாய்க்காமல், தூக்கும் அதே கணத்தில் லீவரை விட வேண்டும். இதில் ஒரு தவறு செய்தேன். சங்கிலி வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கறை போகவில்லை என்று பேட்டைச் சாய்த்து விளிம்பால் அந்த இடத்தையே தேய்த்தேன். கறை போயிற்று. அன்று சாயங்காலம் சாய்வாக வெயில் விழுந்தபோது பார்த்தால் அந்த இடத்தில் நிழல். உள்ளங்கையை வைத்துத் தடவினால் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் விரலுக்குத் தெரிகிறது. அதைச் சமன் செய்யச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மறுபடி 80லிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. மூலைமுடுக்கு, பூண் ஓரம் இவற்றுக்குச் சேண்டர் வேண்டாம், தக்கைக் கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேயுங்கள். கடைசி 180ஐயும் முழுப் பலகைக்கும் ஒரு தடவை கையால், மரத்தின் ரேகையோடு இழுத்தேன். சேண்டர் விட்ட நுண்ணிய சுழிகள் அதில்தான் மறைந்தன.

தாளின் துளையும் பேட்டின் துளையும் நேராக நிற்க வேண்டும். ஒரு துளை மூடினாலும் தூசி பைக்குப் போகாமல் தாளுக்கு அடியிலேயே சுற்றும். தாள் மாற்றும்போது நான் விடாமல் கடைப்பிடிக்கும் வரிசை: பால் வால்வை மூடு, லீவரை அழுத்தி ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்று, கப்ளரைக் கழற்று, அப்புறம்தான் பேட்டில் கை வை. கைத்தவறுதலாக லீவர் அழுந்தினால் விரல் பேட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டும். காற்று இருக்கும்போதே கப்ளரைக் கழற்றினால் ஹோஸ் பாம்பு மாதிரி எகிறி முகத்தில் அடிக்கும். பேட் தேய்ந்தால் அதே அளவு, அதே வகை பேட்தான் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் எதிர்எடை ஆறு அங்குல பேட்டின் கனத்துக்குச் சரிசெய்தது, ஐந்து அங்குலத்தை மாட்டினால் கை நடுங்கும் அளவு அதிரும்.

மரத்தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1995லேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. முக்கியமாக மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளிலும் வருவது. தேக்கில் கூடுதலாக லாபகால் என்ற பொருளும் அதன் உறவுப் பொருள்களும் இருக்கின்றன, சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். இரண்டாம் நாள் என் முன்கை முழுக்கத் தடித்துச் சிவந்தது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் நேராகக் குளியல். துண்டை முகத்தில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை, நுண்தூசி துணி இழை வழியாக நேராகப் போகும். முகத்தில் இடைவெளி இல்லாமல் படியும் என்-95 போட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். அருகில் நின்றால் 85 டெசிபெல்லுக்கு மேல் இருக்கும், அதை எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும். வேட்டி, லுங்கி, தோள் துண்டு, மணிக்கட்டில் கயிறு எதுவும் வேண்டாம்.

கை அதிர்வுக்கு என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். எக்ஸாஸ்ட் காற்று விரிவதால் சில்லென்று வரும், அது விரல் மேலேயே அடிக்கிறது. குளிரும் அதிர்வும் சேர்ந்தால் விரல் நுனி ரத்தக் குழாய் சுருங்கும். வருடக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போவது இப்படித்தான். பலகையைத் தேய்த்த முதல் நாள் முக்கால் மணி நேரம் விடாமல் ஓட்டி, சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசையும் விரலில் உணர்ச்சி குறைவாக இருந்தது. பிறகு கால் மணி ஓட்டினால் பத்து நிமிடம் நிறுத்தம் என்று வைத்துக்கொண்டேன். கம்ப்ரசருக்கும் அது நல்லதாகப் போயிற்று.

வேலை முடிந்து உடம்பில் இருக்கும் தூசியை ஏர் கன்னால் ஊதிக்கொள்வது பட்டறைகளில் சகஜம். தயவுசெய்து செய்யாதீர்கள். தோலில் சின்ன வெட்டு இருந்தாலும் அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிட முடியும், கண்ணில் தூசி ஆணி மாதிரிக் குத்தும். விளையாட்டாக, உடன் வேலை செய்பவர் உடம்பில் காற்று அடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டிலேயே பல முறை வந்திருக்கின்றன. என் பட்டறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துபோவார்கள், அதனால் நான் இல்லாத நேரத்தில் டேங்கில் காற்றே வைப்பதில்லை. தூசி தட்ட பிரஷும் வாக்குவமும் போதும்.

தேய்த்து முடித்த பலகைக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று கை பூசினேன். முதல் கை இறங்கியதும் அந்தக் கறுத்த தலைமாட்டுப் பக்கமும் மற்ற மரமும் ஏறக்குறைய ஒரே தேன் நிறத்துக்கு வந்தன. கறுப்பு முழுக்கப் போகவில்லை, லேசாக ஒரு மேகம் மாதிரி நிற்கிறது. அதைப் போக்க இன்னும் மரத்தைத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதால் அப்படியே விட்டேன். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்து வெளியில் காயவைத்தேன். சேண்டரின் தூசிப் பையையும் அன்றன்றே காலி செய்தேன்.

போன வெள்ளிக்கிழமை கூடத்தில் மாட்டினோம். சங்கிலி அதே பழைய சங்கிலி, கொக்கிகள் மட்டும் புதிது. அம்மா தலைமாட்டுப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, “இந்தக் கருப்பை எடுக்காம விட்டியே, அதுவே போதும்” என்றார். சேண்டரை எண்ணெய் விட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். நண்பரின் கம்ப்ரசரை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் அவருடைய டேங்கையும் வடித்து, ஃபில்டர் கிண்ணத்தைக் கழுவிவைக்கணும்.